ஓர் எஞ்சின் நின்றுவிட்டால்?

ஓர் எஞ்சின் பூட்டிய விமானம் ஒன்று. இரண்டு எஞ்சின்கள் பூட்டிய விமானம் மற்றொன்று. இவற்றில் எதில் ஏறிக் கடலைக் கடக்க விரும்புவீர்கள்? நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் இரண்டாவதையே சுட்டிக் காட்டுவோம். ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கிறதே என்பது நம் எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பயணத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நாமே எடுத்துக்கொண்ட எண். ஓர் எஞ்சின் உள்ள விமானத்துக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒன்று. இரண்டு எஞ்சின்கள் இருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு! மீதமுள்ள ஒரே எஞ்சினைக் கொண்டு அந்த விமானத்தால் பறக்க முடியாதென்றால், இரண்டு எஞ்சின் விமானமே அதிக ஆபத்தானது. ஒற்றை எஞ்சினில் பறக்க முடியுமானால் மட்டுமே நிலைமை தலைகீழாக மாறும். இரண்டும் ஒரே பயணத்தில் நிற்கும் வாய்ப்பு ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் வரும் பத்து லட்சத்தில் ஒன்றுதான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஓர் எஞ்சின் நிற்பதற்கும் மற்றொன்று நிற்பதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஒரே காரணம் இரண்டையும் ஒருசேர நிறுத்திவிடுமானால் பெருக்கல் கணக்கு பயன்படாது.

பெட்ரோலால் இயங்கி, விசிறியைச் சுழற்றிப் பறந்த பெரிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரே கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம்: ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

ஒரு கொசுவும் நான்கு எஞ்சின்களும்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் இருந்தது ஒரே எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், சுமார் 12 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 82 கிலோகிராம். அதாவது ஒரு குதிரைத்திறனுக்கு 7 கிலோகிராம் எடை. அந்தக் காலத்தில் விமானத்தைத் தரையிலிருந்து தூக்குவதே பெரும்பாடு. இரண்டாவது எஞ்சினைச் சுமந்து செல்வது நினைத்துப் பார்க்கவும் முடியாத ஒன்று.

ரஷ்யாவில் இகோர் சிகோர்ஸ்கி என்ற இளைஞர் 1911-ல் தாம் கட்டிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் திடீரென்று நின்றது. விமானம் விழுந்து நொறுங்கியது. சிகோர்ஸ்கி உயிர் பிழைத்தார். பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையில் ஒரு கொசு அடைத்துக்கொண்டிருந்தது! ஒரு கொசு ஒரு மனிதனின் உயிரை எடுக்கும் நிலை இருக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். 1913 மே மாதத்தில் அவர் கட்டிய 'ரூஸ்கி வித்யாஸ்' நான்கு எஞ்சின்களுடன் பறந்தது. உலகின் முதல் நான்கு எஞ்சின் விமானம் அதுவே.

அடுத்து வந்த 'இலியா மூரோமெத்ஸ்' விமானம் 1914-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் நகருக்குச் சென்று திரும்பியது. வழியில் பெட்ரோல் குழாய் ஒன்று உடைந்து ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த இருவர் இறக்கைமீது ஏறிச் சென்று, தம் மேலங்கிகளால் அடித்துத் தீயை அணைத்தார்கள். எஞ்சின்கள் பல இருந்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன எஞ்சின் மற்றவற்றுக்கும் விமானத்துக்கும் பகையாகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்ற பாடம் அன்றே தெரிந்துவிட்டது.

நட்சத்திரமாக அமைந்த சிலிண்டர்கள்

நம்பகமான எஞ்சின் எது? முதலில் அது சூட்டைத் தாங்க வேண்டும். பெட்ரோல் எரிவதால் வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மீதி முழுவதும் எப்படியாவது வெளியேற வேண்டும்.

அதிகத் திறன் வேண்டுமென்றால் ஒரே பெரிய சிலிண்டரை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரு சிலிண்டரின் நீளம், அகலம் எல்லாவற்றையும் இரு மடங்காக்கினால் அதன் பருமன் எட்டு மடங்காகிறது. மேற்பரப்போ நான்கு மடங்குதான். உள்ளே எரியும் பெட்ரோல் பருமனைப் பொறுத்தது. வெப்பம் வெளியேறும் வழி மேற்பரப்பைப் பொறுத்தது. ஆகவே சிலிண்டர் பெரிதாகப் பெரிதாக அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். சிறு சிலிண்டர்கள் பலவற்றைச் சேர்ப்பதே வழி.

அவற்றை ஒரு வட்டத்தில், நட்சத்திரத்தின் கதிர்களைப் போல் அடுக்கினால் ஒவ்வொன்றின் மீதும் எதிர்க்காற்று நேராக மோதும். இதுவே ரேடியல் எஞ்சின். தண்ணீர்த் தொட்டி வேண்டாம், குழாய் வேண்டாம். சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய உலோகத் தகடுகள் போதும்.

ஒரு வரிசையில் உள்ள சிலிண்டர்களின் எண்ணிக்கை 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே வெடிக்கும். ஒன்பது சிலிண்டர்கள் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 9 என்று வெடித்து, அதே தாளத்தில் 2, 4, 6, 8 என்று தொடர்ந்து மீண்டும் ஒன்றுக்கு வரலாம். வெடிப்புகளுக்கிடையே எப்போதும் 80 பாகை இடைவெளி. எட்டு சிலிண்டர்கள் இருந்தால் 1, 3, 5, 7 ஆன பிறகு தாளம் தவறிவிடும், எஞ்சின் குலுங்கும்.

எரிந்த வாயு வெளியேறும் வழியில் உள்ள வால்வு, செஞ்சூட்டில் ஓயாமல் திறந்து மூடும் பகுதி. அதைக் குளிர்விக்க ஹெரான் என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்ட வழி அழகானது. வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே பாதியளவு சோடியம் இட்டார். சோடியம் 98 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆட, உருகிய சோடியம் உள்ளேயே அலைமோதி, சூடான தலையிலிருந்து வெப்பத்தை அள்ளிக் குளிர்ந்த தண்டில் கொண்டு சேர்க்கும். 1927-ல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியே பறந்தபோது அவருடைய ஒன்பது சிலிண்டர் எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை. அதன் வால்வுகளில் இருந்தது ஹெரானின் சோடியம்.

ஒற்றை எஞ்சினில் மேலெழுந்த விமானம்

1932 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் ஜாக் ஃபிரை, விமானம் கட்டுவோருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று எஞ்சின் விமானம் வேண்டும் என்று கேட்ட அக்கடிதத்தில் ஒரு கடுமையான நிபந்தனை இருந்தது. தங்கள் நிறுவனம் பயன்படுத்தும் எந்த விமான நிலையத்திலிருந்தும், முழுப் பாரத்துடன், ஓர் எஞ்சின் இயங்காத நிலையிலும் விமானம் மேலெழ வேண்டும். டக்ளஸ் நிறுவனப் பொறியாளர்கள் துணிந்து ஒரு விடை சொன்னார்கள்: மூன்று எஞ்சின்கள் வேண்டாம், இரண்டிலேயே இதைச் செய்து காட்டுகிறோம்!

அப்படிப் பிறந்த டி.சி.-1 விமானம் 1933 ஜூலை 1 அன்று முதன்முறை மேலே எழும்பியபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மூக்கை உயர்த்தியவுடன் இரண்டு எஞ்சின்களும் ஒருசேரத் திணறின. மூக்கைத் தாழ்த்தியதும் இரண்டும் மீண்டும் இயங்கின. விமானி எப்படியோ சமாளித்து இறக்கினார். கார்புரேட்டரில் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவைகள், விமானம் மேலேறும்போது பெட்ரோலையே அடைத்துவிடும்படி முன்பின்னாகப் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே தவறு! நம் கணக்கில் ஒளிந்திருந்த நிபந்தனை நினைவுக்கு வருகிறதல்லவா?

தவறு திருத்தப்பட்டது. அதே ஆண்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள வின்ஸ்லோ நிலையத்திலிருந்து ஓடித் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். விமானம் மற்றொரு எஞ்சினிலேயே மேலெழுந்து, மலைப்பகுதியைக் கடந்து ஆல்புகெர்க்கி நகரில் இறங்கியது. அதன் வழித்தோன்றலான டி.சி.-3 முதலில் பறந்த நாள் 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் கழித்து. அதைத்தான் நம் நாட்டில் 'டகோட்டா' என்று அழைத்தோம்.

இதற்குத் துணை நின்ற மற்றொன்று விசிறி. எஞ்சின் நின்றால் விசிறியும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். எதிர்க்காற்று அதைக் காற்றாலையைப் போலச் சுழற்றும். சுழற்றுவதற்கான ஆற்றல் விமானத்தின் வேகத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே நின்ற எஞ்சின் உதவாமல் இருப்பதோடு நிற்காமல், விமானத்தைப் பின்னாலும் இழுக்கிறது. அதுவும் ஒரு பக்கமாக இழுக்கிறது. 1930-களின் பிற்பகுதியில் வந்த விசிறிகளில், விமானி ஒரு பொத்தானை அழுத்தினால் அலகுகள் திரும்பித் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நின்றுவிடும். பறவையின் இறகைப் போல் ஒருக்களித்து நிற்பதால் இதற்கு 'இறகு நிலை' என்று பெயர்.

நாகபுரியில் நள்ளிரவு

டகோட்டா நம் மக்களுக்கு மிக நெருக்கமானது 1949 ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் விமானங்களால். சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் நான்கு விமானங்கள் கிளம்பும். நடுநிசியில் நான்கும் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் தில்லியில் கிடைத்தது இப்படித்தான். ஒவ்வொரு டகோட்டாவிலும் பதினான்கு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன்.

ஆனால் ஒற்றை எஞ்சினில் பறக்க முடியும் என்பது வேறு. போதிய உயரமும் வேகமும் கிட்டுமுன் அது நிகழ்ந்தால் சமாளிப்பது வேறு. 1953 டிசம்பர் 12 அன்று நாகபுரியிலிருந்து சென்னை நோக்கிக் கிளம்பிய டகோட்டா, தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் ஓர் எஞ்சின் செயலிழந்து விழுந்தது. 13 பேர் மாண்டனர். எஞ்சின் நிற்பதற்கு மிகக் கொடிய தருணம் அந்த முதல் நிமிடமே. முழுத் திறனும் தேவைப்படுகிற, முழுச் சூடும் ஏறுகிற நேரமும் அதுதான்.

மெல்லிய காற்றும் பெரும் வெப்பமும்

மேகங்களுக்கு மேலே, மலைகளுக்கு மேலே பறந்தால் பயணம் சுகமாகும். ஆனால் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். காற்று பாதியானால் எரியும் பெட்ரோலும் பாதி. திறனும் ஏறத்தாழ பாதி. 1918-ல் சான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கர் ஓர் எஞ்சினை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டு சென்று ஓட்டிப் பார்த்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே சுமார் 230 மட்டுமே தந்தது. வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டியபோது இழந்த திறன் முழுவதும் திரும்பக் கிடைத்தது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடேறுவதை உணர்ந்திருப்பீர்கள். அமுக்கப்படும் காற்று சூடாகும். ஏற்கெனவே சூட்டோடு போராடும் எஞ்சினுக்கு இப்போது உள்ளே வரும் காற்றும் சூடு! அதற்கேற்ற பெட்ரோல் வேண்டியதாயிற்று. 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தது. சிலிண்டர்களும் பெருகின. ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 எஞ்சினில் ஒன்பது ஒன்பதாக இரு வரிசையில் 18 சிலிண்டர்கள். எடை சுமார் 1,200 கிலோகிராம். திறன் 2,200 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல்தான்! நாற்பதே ஆண்டுகளில் எடை ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இந்த எஞ்சின்கள் நான்கைப் பூட்டிய பி-29 குண்டுவீச்சு விமானம் 1942 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. போரின் அவசரத்தில் எஞ்சினுக்கு முதிர்ச்சி பெற நேரம் தரப்படவில்லை. பின்வரிசைச் சிலிண்டர்களுக்குக் காற்று போதவில்லை, வால்வுகள் உடைந்தன, எண்ணெயில் தீப்பற்றியது. எடையைக் குறைக்க எஞ்சினின் உடற்பகுதியில் மக்னீசியம் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் மக்னீசிய நாடா கண்கூச எரிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டில் நகரில், புகழ்பெற்ற சோதனை விமானி எடி ஆலன் ஓட்டிய விமானம் எஞ்சின் தீயால் ஒரு தொழிற்சாலைமீது விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரும், தரையில் இருபது பேர் அளவிலும் மாண்டனர். நான்கு எஞ்சின்கள் இருந்தும் என்ன பயன்? ஒரே எஞ்சினின் தீ இறக்கையையே தின்றுவிட்டது.

1944-ல் இவ்விமானங்கள் வங்காளத்தில் கரக்பூர் முதலிய தளங்களுக்கு வந்தன. கோடை வெயிலில் எஞ்சின்கள் படாத பாடுபட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கு மேற்பட்ட பி-29 விமானங்கள் இலங்கையின் திருகோணமலையை அடுத்த சீனக்குடாவிலிருந்து கிளம்பின. சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கித் திரும்ப 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடல்வழி. சுமார் 19 மணி நேரம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றது என்று கொண்டால், ஒரு விமானத்தின் 72 சிலிண்டர்களில் அந்தப் பயணத்தில் நிகழ்ந்த வெடிப்புகள் எத்தனை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எட்டு கோடிக்கு மேல் வரும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒழுங்காக நிகழ்ந்தாக வேண்டும்!

புகையிலிருந்தும் திறன்

போர் முடிந்ததும் அதே ஆர்-3350 பயணிகளைச் சுமந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. மூன்று வால் துடுப்புகளும், மீனைப் போல் வளைந்த உடலும் கொண்ட அந்த விமானத்தை அழகில் மிஞ்ச இன்றும் ஒன்றில்லை என்று சொல்வோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

1950-களில் ரைட் பொறியாளர்கள் இன்னும் ஒரு படி சென்றார்கள். வெளியேறும் புகையில் இன்னும் ஆற்றல் இருக்கிறதே. அதை ஏன் விட வேண்டும்? ஆறு சிலிண்டர்களுக்கு ஒன்றாக மூன்று டர்பைன்களை வைத்து, அவற்றின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் மூலம் எஞ்சினின் முதன்மைத் தண்டுக்கே திருப்பிவிட்டார்கள். கூடுதல் பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாமல் சுமார் 450 குதிரைத்திறன் கிடைத்தது! மொத்தம் 3,250-க்கு மேல். வெப்ப இயக்கவியல் மாணவர் எவரும் கைதட்டி வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன்களில் இருந்தவை இவையே.

பிராட் அண்ட் விட்னி நிறுவனமோ, ஏழு ஏழாக நான்கு வரிசையில் 28 சிலிண்டர்களை அடுக்கியது. சோளக்கதிர் போன்ற தோற்றம். சிலிண்டருக்கு இரண்டாக 56 ஸ்பார்க் பிளக்குகள். நான்கு எஞ்சின் விமானத்துக்கு 224. ஒரு பயணம் முடிந்ததும் எந்தப் பிளக் கெட்டது என்று தேடும் பணியாளரின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

பாகங்கள் பெருகப் பெருகத் திறன் உயர்ந்தது. கெடக்கூடிய இடங்களும் பெருகின. மூன்று எஞ்சின் விமானங்களிலேயே சிறந்தது நான்கு எஞ்சின் கான்ஸ்டலேஷன்தான் என்று அக்கால விமானிகள் கேலி பேசினார்கள். நான்கில் ஒன்று அடிக்கடி நின்றுவிடும் என்பது பொருள்.

பசிபிக் கடலில் ஓர் இரவு

28 சிலிண்டர் எஞ்சின்கள் நான்கைப் பூட்டிய ஸ்டிராட்டோகுரூசர் விமானம் ஒன்று 1956 அக்டோபர் 15 இரவு ஹொனலூலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ நோக்கிக் கிளம்பியது. பயணிகள் 24 பேர். பணியாளர் 7 பேர். பாதி வழி கடந்து மேலும் உயரம் ஏறும்போது முதலாம் எஞ்சினின் விசிறி கட்டுமீறிச் சுழலத் தொடங்கியது. விமானி ரிச்சர்ட் ஆக் பொத்தானை அழுத்தினார். இறகு நிலை வரவில்லை. எண்ணெயை அடைத்து எஞ்சினை இறுகச் செய்து நிறுத்தினார்கள். அப்போதும் விசிறி மட்டும் காற்றில் சுழன்றுகொண்டே விமானத்தைப் பின்னுக்கு இழுத்தது. உயரம் குறைந்தது. மற்ற மூன்று எஞ்சின்களையும் மிகையாக உழைக்க வைக்க நேர்ந்தது. சற்று நேரத்தில் நான்காம் எஞ்சினும் திறனிழந்தது.

இங்கேதான் நம் பெருக்கல் கணக்கு உடைகிறது. நின்ற எஞ்சினின் சுமை மற்றவற்றின்மேல் ஏறுகிறது. அதனால் அவை நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டும் தொடர்பற்ற நிகழ்ச்சிகள் அல்ல.

இருந்த பெட்ரோலுக்கு முன்னால் உள்ள கரையும் எட்டாது, பின்னால் உள்ள கரையும் எட்டாது. ஆனால் அந்தக் கடற்பகுதியில் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் 'பாண்ட்சர்ட்ரெயின்' என்ற கப்பல் இத்தகைய உதவிக்காகவே நிறுத்தப்பட்டிருந்தது. இருட்டில் கடலில் இறங்குவதைவிட விடியும்வரை காத்திருப்பதே மேல் என்று ஆக் முடிவு செய்தார். மீதமிருந்த இரண்டு எஞ்சின்களைக் கொண்டு கப்பலுக்கு மேலே வட்டமிட்டபடி இரவைக் கழித்தார். கடலில் மோதும்போது வால் பகுதி ஒடியக் கூடும் என்பதால் பின்புறம் இருந்த பயணிகளை முன்னே அமர்த்தினார்கள். காலை ஆறேகால் மணிக்கு விமானம் நீரில் இறங்கியது. எதிர்பார்த்தபடியே வால் ஒடிந்தது. 31 பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு எஞ்சின்கள் அவர்களைக் கைவிட்டன. இரண்டு எஞ்சின்கள் விடியும்வரை அவர்களைத் தாங்கின. பல எஞ்சின் விமானத்தின் குறை, நிறை இரண்டையும் அந்த ஓர் இரவு காட்டிவிட்டது.

ஜெட் தந்த விடை

1952 மே மாதத்தில் இங்கிலாந்தின் காமெட் ஜெட் விமானம் பயணிகளுடன் பறந்தது. 1958 அக்டோபரில் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்தது. 1960-ல் ஏர் இந்தியாவும் அதை வாங்கியது. ஜெட் எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை, தட்டிக்கொண்டே இருக்கும் வால்வு இல்லை. எரிவது விட்டு விட்டு அல்ல, தொடர்ச்சியாக. ஒரே திசையில் சுழல்வதுதான் வேலை. 28 சிலிண்டர்களை அடுக்கியும் கிட்டாத நம்பகத்தன்மை அவற்றை அடியோடு நீக்கியபோது கிட்டியது.

பிஸ்டன் எஞ்சின் காலத்து அச்சம் சட்டமாக நின்றது. இரண்டு எஞ்சின் விமானம் இறங்கத்தக்க இடத்திலிருந்து 60 நிமிடப் பறப்புக்கு மேல் விலகக் கூடாது என்று 1953-ல் அமெரிக்கா விதித்தது. 1985-ல் அது 120 நிமிடமாகத் தளர்ந்தது. பின்னர் இன்னும் கூடியது. இன்று பெருங்கடல்களைக் கடப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு எஞ்சின் விமானங்களே. ஜாக் ஃபிரை கேட்ட நிபந்தனையும் மாறவில்லை: ஓடுபாதையில் திரும்ப முடியாத வேகத்தை எட்டியபின் ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் மேலெழ வேண்டும்.

இன்னும் பறப்பவை

பழைய எஞ்சின்களைப் போற்றிப் பாதுகாப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். பி-29 விமானங்களில் இன்று பறக்கும் நிலையில் உள்ளவை 'ஃபிஃபி', 'டாக்' என்னும் இரண்டே. ஃபிஃபியின் எஞ்சின்களை மாற்றியமைத்த பிறகே அது 2010-ல் மீண்டும் வானேறியது. நம் விமானப்படையிலும் 'பரசுராமா' என்று பெயரிட்ட டகோட்டா ஒன்று புதுப்பிக்கப்பட்டு 2018-ல் சேர்ந்தது.

ரேடியல் எஞ்சினைக் கிளப்புவதே ஒரு காட்சி. கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் எண்ணெய் கசிந்து தேங்கியிருக்கும். திரவத்தை அமுக்க முடியாது என்பது நாம் படித்ததுதானே? அப்படியே கிளப்பினால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, தண்டு வளைந்துவிடும். ஆகவே முதலில் விசிறியை மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சிலிண்டர் வெடிக்கும், ஒன்று தும்மும், வெள்ளைப் புகை கிளம்பும். எல்லாம் ஒன்றுசேர்ந்து முழங்கும்வரை காத்திருப்பார்கள்.

அன்பு மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும். 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவில் பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய பி-17 ஒன்று, வலப்பக்க எஞ்சின்கள் திறனிழக்கத் தரையிறங்கும்போது மோதி ஏழு பேரைப் பலிகொண்டது. பராமரிப்புக் குறைபாடு விசாரணையில் வெளிப்பட்டது. நான்கு எஞ்சின்களையும் பார்த்துக்கொள்ளும் கை ஒன்றாக இருக்கும்போது, அந்தக் கை தளர்ந்தால் நான்கும் சேர்ந்தே தளரும்.

ஜெட் விமானமும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய ஏர்பஸ் விமானம் ஒன்று காட்டு வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே கணத்தில் செயலிழந்தன. ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார்கள். சிகோர்ஸ்கியின் கொசு ஓர் எஞ்சினை நிறுத்தியது. நான்கு எஞ்சின்கள் அதற்கு விடையாயின. வாத்துக் கூட்டமோ இரண்டையும் ஒருசேர நிறுத்தியது. எஞ்சின்களின் எண்ணிக்கையோடு, அவை அனைத்தையும் ஒன்றாக நிறுத்தக்கூடியது எது என்பதையும் பொறியாளர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.